ஏரியா ஸ்டைலாக மாறுவதை வைத்து நையாண்டி எபிசோடு எழுதுவது எப்படி

ஒரு பழைய ஏரியா. வாடகை குறைவு, ரோடு மோசம், பஸ் நேரத்துக்கு வராது, ஆனால் மூன்று தலைமுறையாக ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். குறைந்த வாடகைக்காக முதலில் ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் வருகிறார்கள், அவர்கள் பின்னால் காபிக் கடை, காபிக் கடைக்குப் பின்னால் பில்டர், பில்டருக்குப் பின்னால் இடத்துக்கே ஒரு புதுப் பெயர். கொஞ்ச வருடத்தில் அந்த மூன்று தலைமுறை ஆட்களுக்கு அங்கே வாடகை கட்டுப்படியாகாது. இதற்கு ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர். ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964-ல் லண்டனைப் பற்றி எழுதும்போது உண்டாக்கிய சொல் இது. தமிழில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரு சொல் இன்னும் நிலைக்கவில்லை, அதனால் நான் இதையே வைத்துக்கொள்கிறேன்.

இதை நக்கலடித்து அமெரிக்க, பிரிட்டிஷ் டிவியில் நிறைய வந்திருக்கிறது. இந்த மாதிரி ஒரு எபிசோடோ, ஐந்து நிமிட ஸ்கெட்ச்சோ எழுத ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் முதல் தடவை எழுதிப் பார்த்த ஸ்கெட்ச்சில் தாடி வைத்த பையன்கள் இருந்தார்கள், ஜாடியில் ஊற்றிக் கொடுக்கும் காபி இருந்தது, பழைய சைக்கிளைச் சுவரில் மாட்டிய கடை இருந்தது. படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நண்பர் மட்டும், "இதுல அந்த ஏரியாக்காரங்க யாருமே இல்லையே" என்றார். அதற்குப் பிறகு இந்த வகைத் தொடர்களை எல்லாம் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: நல்ல எபிசோடில் யாரோ ஒருவருடைய வீடு காட்சியை விட்டு நகராமல் நிற்கிறது. சொதப்பிய எபிசோடில் தாடியும் காபியும் மட்டும் இருக்கின்றன.

முதலில் வீடு

ஜோக் யோசிப்பதற்கு முன்னால் வீட்டை முடிவு செய்யுங்கள். இதற்கு நான் பார்த்ததிலேயே சிறந்த உதாரணம் சவுத் பார்க். டிரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் உருவாக்கிய கார்ட்டூன் தொடர், 1997-ல் காமெடி சென்ட்ரல் சேனலில் தொடங்கியது, கொலராடோ மாநிலத்து மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நடக்கும் கதை. அதன் 19-ஆவது சீசனில் மூன்றாவது எபிசோடு, 'தி சிட்டி பார்ட் ஆஃப் டவுன்', 2015 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பானது. எழுதத் தொடங்கும் முன் அதை இரண்டு முறை பாருங்கள், முதல் முறை சிரிப்பதற்கு, இரண்டாம் முறை பின்னணியை மட்டும் கவனிப்பதற்கு.

கதை இப்படிப் போகிறது. அமெரிக்க இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துகிற ஜிம்மி ஃபாலன் டிவியில் அந்த ஊரைப் பட்டிக்காடு என்று கிண்டலடிக்கிறார், ஊருக்கே மானம் போய்விடுகிறது. ஊர்க்காரர் ராண்டி மார்ஷ் ஒரு யோசனை சொல்கிறார்: இயற்கை உணவு விற்கிற, வசதியானவர்கள் போகிற ஹோல் ஃபுட்ஸ் சூப்பர் மார்க்கெட் ஒன்றை நம் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டால், நாமும் முன்னேறிய ஊர் என்று உலகம் ஒத்துக்கொள்ளும். அந்தக் கம்பெனிக்காரர்களை மயக்க ஊரில் ஒரு ஸ்டைலான பகுதி வேண்டும். எங்கே கட்டலாம்? ஊரிலேயே ஏழைக் குடும்பமான கென்னி மெக்கார்மிக் வீட்டைச் சுற்றித்தான். அந்த இடத்துக்கு சோடோசோப்பா என்று பெயர் வைக்கிறார்கள், சவுத் ஆஃப் டவுன்டவுன் சவுத் பார்க் என்பதன் சுருக்கம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கென்னி வீட்டை யாரும் இடிப்பதில்லை. அந்த ஒட்டடை பிடித்த, சாய்ந்து நிற்கிற வீடு அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடங்களும் உணவகங்களும் விளக்குகளும் முளைக்கின்றன. நடுநடுவே வரும் ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் குழைவான ஒரு குரல் அந்த இடத்தின் அழகைச் சொல்லிக்கொண்டே போகிறது, கேமரா நகர்கிறது, நடுவில் கென்னியின் வீடு. ஒரு கட்டத்தில் அந்தக் குடியிருப்புக்கே 'கென்னி வீட்டு வில்லாக்கள்' என்கிற மாதிரி பெயர் வந்துவிடுகிறது. ஏழைக் குடும்பத்தின் வீடு விற்பனைச் சரக்காகிவிட்டது, ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதில் ஒரு பைசா இல்லை. இதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை, கேமராவே சொல்லிவிடுகிறது.

இது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால், பார்க்கிறவர்களுக்குக் கென்னியை அப்போது பதினெட்டு வருடமாகத் தெரியும். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிற வீடு என்று தெரியும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது, முதல் இரண்டு நிமிடத்திலேயே அந்த வீட்டை நீங்கள் அறிமுகப்படுத்தியாக வேண்டும். அதனால் ஒரு தாளை எடுத்து, அந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வருடத்திலிருந்து இருக்கிறார்கள், சொந்தமா வாடகையா, வாடகை எவ்வளவு, யார் சம்பாதிக்கிறார்கள், காலையில் முதலில் எழுவது யார், ஜன்னலில் என்ன தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இதில் பாதி எபிசோடில் வராது, பரவாயில்லை. ஜன்னலில் தெரிவது மட்டும் கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் கதை முழுக்க மாறப்போவது அதுதான்.

அப்புறம் விளம்பரம். சோடோசோப்பா விளம்பரங்கள் நிஜ ப்ரோஷர் மாதிரியே இருக்கும், பெரிதாக மிகைப்படுத்தியிருக்க மாட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: நிஜமான அப்பார்ட்மென்ட் விளம்பரங்கள் பத்து பதினைந்தை எடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துடிப்பான வட்டாரம், உண்மையான தெருவாழ்க்கை, பாரம்பரியத்தின் வாசம், இந்த மாதிரி. அந்தச் சொற்களை மட்டும் வைத்து, துளி கிண்டல் இல்லாமல், விற்கிறவர் எழுதுவது போலவே முப்பது விநாடிக்கு ஒரு விளம்பரம் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு காட்சிக் குறிப்பில் உங்கள் வீட்டை வையுங்கள். குரல் 'உண்மையான தெருவாழ்க்கை' என்று சொல்லும்போது திரையில் ஒரு அம்மா குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கிறார், அவ்வளவு போதும். குரலையும் கிண்டலாக எழுதினால் ஜோக் இரண்டு தடவை சொன்ன மாதிரி ஆகிவிடும், சிரிப்பு வராது.

இந்த எபிசோடில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. சோடோசோப்பாவுக்குப் போட்டியாக, ஊரில் சீன உணவகம் நடத்துகிறவர் தன் கடையைச் சுற்றி இன்னொரு ஸ்டைல் ஏரியாவைக் கிளப்புகிறார். அவர் 'சிட்டி' என்று சொல்வது கெட்ட வார்த்தை மாதிரி காதில் விழுகிறது என்பதுதான் அங்கே முக்கிய ஜோக். புலம்பெயர்ந்து வந்த ஒருவருடைய உச்சரிப்பைப் பிடித்துச் சிரிப்பது சுலபமான வேலை. அவரைப் போன்ற கடைக்காரர்கள்தான் நிஜத்தில் வாடகை ஏறும்போது முதலில் கடையை மூடுகிறவர்கள். நீங்கள் எழுதும்போது இதைச் செய்யாதீர்கள். ஆனால் இரண்டு ஏரியாக்கள் ஒரே கூட்டத்துக்காகப் போட்டிபோடுவது என்ற அமைப்பு அருமையானது, அதைக் கற்றுக்கொள்ளலாம். புதுமை தேடி வருகிற கூட்டம் அடுத்த புதுமைக்குப் போய்விடும், பழைய இடம் பாழடையும், சோடோசோப்பாவுக்கும் அதுதான் நடக்கிறது.

பெயர் வைப்பது

சோடோசோப்பா என்ற பெயரைக் கேட்டவுடன் அமெரிக்கர்கள் சிரித்ததற்குக் காரணம், அவர்கள் ஊரில் இது தினமும் நடக்கிறது. நியூயார்க்கில் ஹவுஸ்டன் தெருவுக்குத் தெற்கே இருந்த பழைய தொழிற்சாலைப் பகுதி சோஹோ ஆனது. காலியான பட்டறை மாடிகளில் ஓவியர்கள் திருட்டுத்தனமாகக் குடியிருந்தார்கள், 1971-ல் நகர நிர்வாகம் கலைஞர்கள் அங்கே வாழ்வதைச் சட்டபூர்வமாக்கியது. இன்றைக்கு அதே மாடிகள் ஓவியர்களுக்கு எட்டாத விலை. கனால் தெருவுக்குக் கீழே டிரைபெக்கா, மன்ஹாட்டன் பாலத்தின் அடியில் டம்போ, எல்லாம் இதே மாதிரி வெட்டி ஒட்டிய பெயர்கள். சவுத் பார்க் நடக்கிற கொலராடோவிலேயே, டென்வரில் லோடோ இருக்கிறது, ரைனோ இருக்கிறது. கொலராடோக்காரர் ஒருவர் சோடோசோப்பாவைக் கேட்டால் பக்கத்துத் தெரு மாதிரித்தான் இருக்கும்.

பெயரில் விளையாட்டு மட்டும் இல்லை. 2017-ல் நியூயார்க்கில் சில ரியல் எஸ்டேட் ஏஜென்டுகள் ஹார்லத்தின் தெற்குப் பகுதியை சோஹா என்று அழைக்கத் தொடங்கினார்கள், ஹார்லம்காரர்கள் கொதித்துப் போய்த் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஹார்லம் என்பது ஒரு முகவரியைவிடப் பெரியது, கறுப்பின மக்களின் இசையும் எழுத்தும் அரசியலும் வளர்ந்த பெயர் அது. அதை மாற்றினால் அந்த வரலாற்றோடு சேர்த்து அந்த மக்களையும் வரைபடத்திலிருந்து அழிப்பது போல அவர்கள் உணர்ந்தார்கள்.

அதனால் உங்கள் எபிசோடில் பெயர் வைக்கும்போது மூன்று பெயர் வேண்டும். வரைபடத்தில் இருக்கிற பெயர் ஒன்று, ஏரியாக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர் ஒன்று, பில்டர் வைக்கிற பெயர் ஒன்று. நடுவில் இருக்கிற பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கதை இருக்கட்டும், ஒரு பழைய மரமோ, மூடிப்போன ஒரு தியேட்டரோ, எல்லாருக்கும் கடன் கொடுத்த ஒரு கடைக்காரரோ. எபிசோடின் ஏதாவது ஒரு இடத்தில், ஏரியாப் பையன் ஒருவன் தன்னை அறியாமல் பில்டர் வைத்த பெயரைச் சொல்லிவிட வேண்டும், பக்கத்தில் இருக்கும் பாட்டி அவனைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தக் காட்சிக்கு வசனமே தேவைப்படாது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்டைல் ஏரியாவுக்கு வருகிற இளைஞர்களைக் கிண்டல் செய்வது ரொம்ப சுலபம், அவர்களுக்கும் அது ரொம்பப் பிடிக்கும். 2005-ல் பிரிட்டனின் சேனல் 4-ல் நேதன் பார்லி என்று ஆறு எபிசோடு தொடர் ஒன்று வந்தது, சார்லி புரூக்கரும் கிறிஸ் மோரிஸும் எழுதியது. கிழக்கு லண்டனின் ஷோர்டிச், ஹாக்ஸ்டன் பகுதிகளை மனதில் வைத்து ஹோஸ்கேட் என்று ஒரு கற்பனை ஏரியா. நேதன் ஒரு இணையதளம் நடத்திக்கொண்டு, தன்னை ஒரு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு திரிகிறவன். டான் ஆஷ்கிராஃப்ட் என்ற பத்திரிகையாளர் இந்தக் கூட்டத்தைப் பார்த்து வெறுத்துப்போய், முட்டாள்களின் எழுச்சி என்று ஒரு கட்டுரை எழுதுகிறார். நேதன் அதைப் படித்துவிட்டு டானைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறான். அந்தக் கட்டுரை தன்னைப் பற்றியது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, மற்ற முட்டாள்களைப் பற்றித்தான் என்று நினைக்கிறான்.

நையாண்டி எழுதுகிற எல்லாரும் இந்தக் காட்சியை ஒரு எச்சரிக்கையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காபிக் கடையைக் கிண்டலடித்து நீங்கள் எழுதியதை, அதே காபிக் கடையில் உட்கார்ந்து அதே ஆட்கள் ரசித்துப் பார்ப்பார்கள். 2017 நவம்பரில் டென்வரின் ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதியில் ஒரு காபிக் கடை வாசலில் ஒரு பலகை வைத்தார்கள்: 2014-லிருந்து சந்தோஷமாக இந்த ஏரியாவை ஜென்ட்ரிஃபை செய்துகொண்டிருக்கிறோம் என்ற அர்த்தத்தில். ஃபைவ் பாயின்ட்ஸ் பரம்பரையாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த இடம், ஜாஸ் இசைக்குப் பேர்போன இடம். வீட்டை இழந்துகொண்டிருந்த மக்கள் கடை வாசலில் திரண்டு போராடினார்கள், கடைக்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். சோடோசோப்பா எபிசோடு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அதே மாநிலம். அந்தச் சொல்லை வைத்து ஜோக்கடிப்பது அதற்குள் அந்த அளவுக்குச் சாதாரணமாகிப் போயிருந்தது.

போர்ட்லேண்டியா கதை இன்னும் யோசிக்க வைக்கும். ஃப்ரெட் ஆர்மிசனும் கேரி பிரவுன்ஸ்டீனும் நடித்து 2011-லிருந்து 2018 வரை எட்டு சீசன் ஓடிய ஸ்கெட்ச் தொடர், ஓரிகன் மாநிலத்து போர்ட்லேண்ட் நகரத்தைப் பற்றியது. முதல் எபிசோடிலேயே இரண்டு பேர் ஹோட்டலில் கோழிக்கறி ஆர்டர் செய்வதற்கு முன், அந்தக் கோழி எங்கே வளர்ந்தது, எவ்வளவு இடத்தில் உலாவியது, அதன் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பாசமான கிண்டல், எனக்கும் பிடித்த காட்சி. அந்தத் தொடரில் அடிக்கடி வரும் பெண்ணியப் புத்தகக் கடைக் காட்சிகளை 'இன் அதர் வேர்ட்ஸ்' என்ற நிஜக் கடையில்தான் எடுத்தார்கள். 2016-ல் அந்தக் கடையினரே இனி இங்கே படம்பிடிக்க விடமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் பல, பெண் வேடம் போட்ட ஆணை வைத்துச் சிரிப்பது அதில் ஒன்று. இந்தத் தொடர் போர்ட்லேண்டில் வாடகை ஏறுவதற்கும் பழைய மக்கள் வெளியேறுவதற்கும் துணைபோகிறது என்பதும் அவற்றில் இருந்தது. 2018-ல் அந்தக் கடை மூடப்பட்டது.

பாசமான கிண்டல் ஒரு ஊருக்கு நல்ல விளம்பரம், ஊரைத் தேடி ஆட்கள் வருவார்கள். நான் ஒவ்வொரு ஸ்கெட்ச்சிலும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்கிறேன்: இதிலிருந்து இரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்து, இந்த ஏரியாவில் வீடு விற்கிற ஒருவர் தன் விளம்பரமாகப் போட்டுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஏரியாக்காரர்களுக்கும் வாய் கொடுங்கள்

வீடு இருந்தால் மட்டும் போதாது. அதில் இருக்கிறவர்கள் அழுதுகொண்டோ தத்துவம் பேசிக்கொண்டோ இருந்தால் அதுவும் பொய்தான். அவர்களுக்குள் சண்டை இருக்க வேண்டும், ஆசை இருக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்குப் புதுக் காபிக் கடை உள்ளபடியே பிடிக்க வேண்டும்.

இதற்கு 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஜென்டிஃபைட் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸில், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு தாத்தா நடத்தும் டாக்கோக் கடையும் அவருடைய மூன்று பேரப்பிள்ளைகளும். வாடகை ஏறுகிறது, கடையை எப்படிக் காப்பாற்றுவது என்று அவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. பேரன் கிறிஸ் பெரிய செஃப் ஆக வேண்டும் என்ற கனவோடு இருக்கிறான், மெனுவை மாற்றினால்தான் பிழைக்க முடியும் என்பது அவன் கட்சி. பேத்தி ஆனா ஓவியர். கட்டடத்தைப் புதிதாக வாங்கிய ஒருவர் அவளைக் கூப்பிட்டு, கீழே கடை நடத்தும் பெண்ணைக் கேட்காமலேயே சுவரில் ஒரு பெரிய ஓவியம் வரையச் சொல்கிறார். ஆனாவுக்குப் பணம் வேண்டும், பேரும் வேண்டும், அவள் வரைகிற ஓவியம் துணிச்சலானது, அழகானது. ஆனால் அந்தக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் அதைப் பார்த்து வராமல் போகிறார்கள், கடைக்காரப் பெண்ணுக்கு வியாபாரம் படுத்துவிடுகிறது. யார் பக்கம் நிற்பது? தொடர் அதற்குச் சுலபமான பதில் தருவதில்லை. தலைப்பே இந்தச் சிக்கலைத்தான் சொல்கிறது, ஸ்பானிஷில் 'ஹென்டே' என்றால் மக்கள், அதை ஜென்ட்ரிஃபைடு என்பதோடு ஒட்டியிருக்கிறார்கள்.

பேச்சுமொழியை வைத்து விளையாட நினைப்பவர்கள் சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க ஸ்கெட்ச் நிகழ்ச்சியில் 2015 ஜனவரியில் காமெடியன் கெவின் ஹார்ட் வந்தபோது போட்ட புஷ்விக் ஸ்கெட்ச்சைத் தேடிப் பாருங்கள். புரூக்ளினில் ஒரு தெருமுனை, மூன்று பேர் பழைய தாதா தோரணையில் நின்று பேசுகிறார்கள், பேசுகிற விஷயமோ கைப்பக்குவ மயோனைஸ். குரலும் உடம்பும் பழைய ஏரியா, வார்த்தைகள் புது ஏரியா. சின்ன ஸ்கெட்ச்சுக்கு இந்த ஒரு உத்தி போதும்.

புதிதாக வருகிறவர்களையும் வில்லனாக்காதீர்கள், அவர்கள் நல்லவர்களாக இருந்தால்தான் கதை கனமாகும். நேதன் ஃபீல்டரும் பென்னி சாஃப்டியும் உருவாக்கிய தி கர்ஸ் (2023) தொடர் இதில் கைதேர்ந்த வேலை. நியூ மெக்சிகோவின் எஸ்பன்யோலாவில் விட்னி, ஆஷர் என்ற தம்பதி, சுற்றுச்சூழலுக்கு இசைந்த கண்ணாடி வீடுகள் கட்டி விற்பதை டிவி நிகழ்ச்சியாக எடுக்கிறார்கள். எம்மா ஸ்டோன் நடித்திருக்கும் விட்னிக்கு உள்ளூர் மக்கள் தன்னை நல்லவள் என்று நினைக்க வேண்டும், அதற்காக எதையும் செய்வாள். அவர்கள் இடத்தில் இருக்கும் ஜீன்ஸ் கடையில் திருட்டு நடக்கும்போது போலீஸைக் கூப்பிட வேண்டாம், திருடு போனதற்கு என் கார்டில் பணம் எடுத்துக்கொள் என்கிறாள். செய்தி பரவுகிறது, திருட்டு கூடுகிறது, பில் ஏறிக்கொண்டே போகிறது. ஆஷரோ கேமரா ஓடும்போது ஒரு சின்னப் பெண்ணிடம் நூறு டாலர் நோட்டைக் கொடுக்கிறான், கேமரா நின்றவுடன் சில்லறை மாற்றித் தருகிறேன் என்று திரும்பப் பிடுங்குகிறான். அந்தப் பெண் அவனுக்குச் சாபம் கொடுக்கிறாள். அந்த ஒரு நோட்டில் தொடங்கிய சாபம் தொடர் முழுக்கத் துரத்துகிறது. உங்கள் கதையிலும் இந்த மாதிரி கையில் பிடிக்கிற ஒரு பொருளைத் தேடுங்கள், பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை அது காட்ட வேண்டும்.

பணக் கணக்கு

காமெடிதானே என்று இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. பார்க்கிறவர்களில் ஒருவர் நிஜமாகவே வீட்டைக் காலி செய்தவராக இருப்பார், கணக்கு தப்பாக இருந்தால் அவருக்கு உடனே தெரியும்.

அமெரிக்காவில் கதை நடந்தால், சொந்த வீட்டுக்காரர்கூடத் தப்பிக்க முடியாத இடங்கள் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் விலை ஏறினால் அவருடைய வீட்டின் மதிப்பையும் கூட்டிப் போடுவார்கள், சொத்து வரியும் கூடும். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பாட்டிக்குக் கையில் காசில்லாமல் தாளில் மட்டும் பணக்காரியாகிற நிலைமை. கடைக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம், நியூயார்க்கில் சில குடியிருப்புகளுக்காவது வாடகைக் கட்டுப்பாடு உண்டு, கடை வாடகைக்கு அது கிடையாது. குத்தகை முடிகிற நாளில் உரிமையாளர் கேட்டதுதான் வாடகை. நிறைய தொடர்களில் கடை மூடுகிற காட்சி வருவதற்கு இதுதான் காரணம்.

நிஜச் சம்பவங்களைத் தேடினால் நீங்கள் கற்பனையில் எட்டாதவை கிடைக்கும். பாயில் ஹைட்ஸில் மரியாச்சி பிளாசா என்று ஒரு சதுக்கம், கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாசிக்கக் கூப்பிடுகிற மரியாச்சி என்ற மெக்சிகோ இசைக் கலைஞர்கள் காலங்காலமாகக் கூடுகிற இடம். 2017-ல் அதன் அருகே ஒரு கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்கு, அதில் மரியாச்சிக் கலைஞர்களும் உண்டு, வாடகையை ஒரேயடியாக ஏற்றினார்கள். அவர்கள் வாடகை கட்ட மாட்டோம் என்று மாதக்கணக்கில் நின்றார்கள், 2018-ல் ஒப்பந்தம் ஆனது, ஏற்றம் குறைந்தது. எந்தக் கலைஞர்கள் பெயரால் அந்த இடம் விலை போகிறதோ அவர்களுக்கே வாடகை நோட்டீஸ். இதைவிடக் கூர்மையாக ஒரு நையாண்டிக் காட்சியை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஹோல் ஃபுட்ஸ் விஷயமும் அப்படித்தான். சவுத் பார்க் எபிசோடு வந்து ஒரு வருடம் கழித்து, 2016 செப்டம்பரில், ஷிகாகோவின் எங்கிள்வுட்டில் ஒரு ஹோல் ஃபுட்ஸ் திறந்தார்கள். வறுமையில் வாடிய, காய்கறி வாங்கவே வெகுதூரம் போக வேண்டியிருந்த பகுதி, நகர நிர்வாகமே முன்னின்று கொண்டாடிக் கொண்டுவந்த கடை. 2022 நவம்பரில் மூடிவிட்டார்கள். கடை வரும்போது ரிப்பன் வெட்டியவர்கள் போகும்போது யாருக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள், அது தனி எபிசோடு.

எழுதி முடித்த பிறகு

சவுத் பார்க் குழு ஒரு எபிசோடை ஆறு நாளில் முடிப்பார்கள், அதனால் போன வாரச் செய்தியைக்கூட உள்ளே கொண்டுவர முடியும். உங்களால் முடியாது, எழுதி எடுத்து வெளியிட மாதங்கள் ஆகும். ஆகவே இந்த வருட ஃபேஷனை நம்பி ஜோக் எழுதாதீர்கள். இன்றைய தேநீர், இன்றைய தலைமுடி, இதெல்லாம் வெளியாகும்போது பழசாகிவிடும். வாடகை நோட்டீஸ், பெயர்ப் பலகை, மூடிய கடையின் ஷட்டர், இவை பழசாகாது. நேதன் பார்லி வைத்திருந்த செல்போனும் கணினியும் இன்றைக்கு அருங்காட்சியகச் சாமான்கள், ஆனால் அந்தக் கட்டுரைக் காட்சி இப்போதும் அப்படியே சுடுகிறது.

முதல் டிராஃப்டை உங்கள் எழுத்தாள நண்பர்களுக்குக் காட்டுவதற்கு முன்பே, அந்த மாதிரி ஏரியாவிலிருந்து வெளியேறிய ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். கொடுத்துவிட்டு வராதீர்கள், எதிரில் உட்கார்ந்து நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் "அப்படி இல்லப்பா" என்று குறுக்கிடுகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் படித்துக் காட்டியபோது ஒரு அக்கா கேட்டது நினைவிருக்கிறது: "அவங்க காலி பண்ணும்போது பூனையை என்ன பண்ணாங்க?" என் கதையில் பூனையே இல்லை. அடுத்த டிராஃப்டில் வந்தது, இப்போது அதுதான் எல்லாரும் சொல்கிற காட்சி.

கடைசிக் காட்சியைப் பற்றி ஒன்று. பில்டர் தோற்று ஏரியா ஜெயிக்கிற முடிவு பெரும்பாலும் ஒட்டாது, எல்லாரும் போன பிறகு சோகப் பாட்டு போடுவதும் ஒட்டாது. சோடோசோப்பா வந்து, ஜொலித்து, கூட்டம் வேறு பக்கம் போய், எல்லாம் மங்கிய பிறகு அந்த எபிசோடு கென்னியிடம் திரும்புகிறது. அவன் ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் தங்கை கேரனுக்கு ஒரு பொம்மை வாங்கித் தருகிறான். நீங்களும் கடைசி ஷாட்டுக்கு முதல் பக்கத்தில் எழுதிய அந்த வீட்டுக்கே திரும்புங்கள், அதே ஜன்னலில் நின்று வெளியே பாருங்கள், அங்கே இப்போது என்ன தெரிகிறது என்பதை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடுங்கள்.